மொட்டை மாமாவுக்கு மூன்று வருட விசா

எனக்கு ஜப்பானிய மொழி தெரியும் என்று உலகத்தில் ஒரே ஒரு ஆள் நம்பினான். என் தம்பி. அப்போது அவனுக்கு ஏழு வயது, எனக்குப் பதிமூன்று. நான் தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே ஹிந்தி உண்டு, மராத்தி உண்டு, ஆங்கிலம் பேருக்கு உண்டு. ஜப்பானிய மொழியும் உண்டு என்று ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்துச் சொன்னேன். மாதுங்காவுக்கு இங்கிலீஷ் மீடியம் போய்க்கொண்டிருந்த பயல் முதல் தடவையாக என் பள்ளிக்கூடத்தைப் பொறாமையோடு பார்த்தான். அந்தப் பார்வைக்காக இன்னும் நாலு பொய் சொல்லலாம் என்று தோன்றியது. சொன்னேன்.

காரணம், சித்தப்பா. அவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஒரு தடவை லீவில் வந்தபோது ஜப்பானில் ஏதோ பழைய சாமான் கடையில் வாங்கியதாக ஒரு வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்தார். கூடவே ஒரே ஒரு டிஸ்க். ஒன்றுதானா என்று தம்பி முகம் சுருங்கியது.

"ஒண்ணு போதும்லே. அத முடிக்கதுக்குள்ள ஒனக்கு மீச மொளச்சிரும்" என்றார் சித்தப்பா.

முளைத்தது. போன வருடம் அதில் ஒன்றிரண்டு நரைக்கவும் செய்தது. அதுவரைக்கும் விளையாட்டு மட்டும் முடிந்தபாடில்லை.

ஜப்பான் கரண்ட் வேறு, நம் கரண்ட் வேறு என்பது பெட்டியைச் சுவரில் செருகுவதற்கு அரை நிமிடம் முன்புதான் அப்பாவுக்கு யாரோ சொல்லித் தெரிந்தது. குர்லாவில் ஒரு ரிப்பேர் கடைக்காரர் கரண்டைக் குறைக்கும் இரும்புப் பெட்டி ஒன்று செய்து கொடுத்தார். அது கேம் பெட்டியை விடப் பெரியது, எந்நேரமும் உறுமும், தொட்டால் சுடும். மழைக்காலத்தில் அம்மா அதன் மேல் வத்தல் காயப்போட்டாள். வீட்டில் அந்த விளையாட்டால் பயனடைந்த முதல் ஆள் அம்மாதான்.

அடுத்த சிக்கல் டிவி. அதே டிவியில் சீரியல்காரிகளின் சேலை கலர் கலராகத் தெரியும். இந்த விளையாட்டு மட்டும் கறுப்பு வெள்ளையில்தான் வரும். ஜப்பான்காரன் சிக்கனமாகச் செய்திருக்கிறான் என்று அப்பா சொல்லிவிட்டார். நாங்களும் அப்படியே நம்பினோம்.

விளையாட்டு என்னவென்றால், ஒருவன் ஊர் ஊராகப் போக வேண்டும். எதிரே வருகிற எல்லோரிடமும் பேச வேண்டும். கூட்டாளி சேர்க்க வேண்டும், கத்தி வாங்க வேண்டும், கடைசியில் ஒரு மாளிகைக்குப் போய் அரக்கனை அடிக்க வேண்டும். சண்டையும் முறை வைத்துத்தான். நாம் ஒரு அடி அடித்துவிட்டுக் காத்து நிற்போம், அவன் நிதானமாக வந்து ஒன்று அடிப்பான். ஒற்றை ரூம் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் சாலில் தண்ணீர்க் குழாய்ச் சண்டை ஒரு நாளும் இவ்வளவு மரியாதையாக நடந்ததில்லை. ஆனால் சண்டை கால்வாசிதான். முக்கால்வாசி பேச்சு. அடியில் ஒரு கட்டம் வரும், அதில் வரி வரியாக எழுத்து ஓடும். அத்தனையும் ஜப்பானிய எழுத்து.

"அக்கா, என்ன சொல்லுதான்?" என்று தம்பி கேட்டான்.

அந்தக் கேள்வியோடுதான் என் ஜப்பானியப் படிப்பு தொடங்கியது.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். விரல் அவனுடையது, வாய் என்னுடையது. எந்த வரியை அழுத்தினால் என்ன நடக்கும் என்பதை மட்டும் தட்டித் தடவிக் கண்டுபிடித்து நோட்டில் தமிழில் எழுதி வைத்தேன். 'முதல் வரி அடி. இரண்டாவது வரி மந்திரம். மூன்றாவது வரி பச்சிலை. கடைசி வரி ஓட்டம்.' மீதி எல்லாம் என் இஷ்டம்.

என் கதையில் நாயகன் மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடைக்குக் கிளம்பியவன். கடையில் ஸ்டாக் இல்லை என்கிறார்கள். எங்கே போனது என்று தேடிக்கொண்டு போகிறான், அப்படியே ஊர் ஊராகப் போய்விடுகிறான். கிரீடம் வைத்த ராஜா ரேஷன் ஆபீசர். மந்திரம் போட்டுக் காயம் ஆற்றும் பெண், வீட்டில் கல்யாணம் பேசியதால் ஓடிவந்த நர்ஸ். மாளிகையில் இருந்த அரக்கன் பில்டர். எல்லோரும் ரூமைக் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் அனுப்புகிறவன். அரக்கன் எழுத்து ஓடும்போதெல்லாம் தம்பி கொதித்துப் போவான். "நம்ம ரூமுமா அக்கா?" என்பான். நம்முடையதும்தான் என்பேன். பயல் ராட்சசத்தனமாகச் சண்டை போடுவான்.

கூட்டாளிகளில் அவனுக்கு உயிரானவர் மொட்டை மாமா. நாங்கள் வைத்த பெயர்தான். தாட்டியான உருவம், மொழுமொழுவென்று தலை, கையில் ஒரு பெரிய சுத்தியல். எதிரி அடிக்க வந்தால் மற்றவர்களுக்கு முன்னால் போய் நின்று தானே அடியை வாங்கிக்கொள்வார். தம்பி சோறு தின்னும்போதுகூட அவரைப் பற்றித்தான் பேசுவான்.

ஒரு நாள் பாலம் ஒன்று வந்தது. பின்னால் பெரும்படை துரத்துகிறது. மொட்டை மாமா எல்லோரையும் அக்கரைக்கு அனுப்பிவிட்டுத் தனியாக நின்று சண்டை போட்டார். திரை வெளுத்தது. அடுத்து பார்த்தால் படுத்திருக்கிறார். சுற்றிலும் மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார்கள். நர்ஸ் மண்டியிட்டு அழுகிறாள். பாட்டு நின்றுவிட்டது.

ஜப்பானிய மொழி தெரியாத எனக்கே தெரிந்துவிட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தின வாரம் தம்பி வளர்த்த கோழிக்குஞ்சு செத்துப்போயிருந்தது. தெருவில் ரோஸ் சாயம் தோய்த்து விற்பார்களே, அந்தக் குஞ்சு. இரண்டு நாள் பயல் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை, காய்ச்சலே வந்துவிட்டது. அம்மா என்னிடம் விரலை நீட்டிச் சொல்லியிருந்தாள்.

"ஏட்டி, இன்னொரு தடவ இவன் அழுதான்னு வையி, அந்தப் பெட்டியத் தூக்கிச் சாக்கடையில போட்டுருவேன்."

"அக்கா, மாமா ஏன் படுத்திருக்காவ?" என்று தம்பி கேட்டான். குரல் அப்போதே நடுங்கியது.

"ஏர்போர்ட்டுல படுத்திருக்காவ. ஃப்ளைட் லேட்டு" என்றேன்.

"ஏர்போர்ட்டா?"

"ஆமாலே. துபாய்க்கு வேலைக்குப் போறாவ. மூணு வருச விசா."

"பின்ன ஏன் எல்லாரும் அழுதாவ?"

"பக்கத்து வீட்டு அண்ணன் போம்போது அவிய அம்ம அழலியா? ஏர்போர்ட்டுன்னா அழத்தான் செய்வாவ."

யோசித்தான். அது அவனுக்குத் தெரிந்த காட்சிதான். எங்கள் வரிசையில் மாதம் ஒருவரையாவது அப்படி வழியனுப்புவோம். அதற்குள் திரையில் சுத்தியல் மட்டும் தனியாகக் காட்டப்பட்டு எங்கள் பைக்குள் வந்து சேர்ந்தது.

"சுத்தியல ஏன் விட்டுட்டுப் போறாவ?"

"ஃப்ளைட்டுல இரும்புச் சாமான் ஏத்த விடமாட்டாங்க."

நம்பிவிட்டான். எனக்கே என் மேல் மரியாதை வந்தது. அந்த மரியாதை மறுநாள் வரைக்கும்தான் நீடித்தது. ஏனென்றால் மறுநாள் கதையில் எல்லா வழியும் திறந்துவிட்டது. இனி மாளிகைக்குப் போக வேண்டியதுதான் பாக்கி. தம்பி கையிலிருந்த பொத்தான் கட்டையைக் கீழே வைத்தான்.

"மாமா வரட்டும். அவிய இல்லாம பில்டர அடிக்க வேண்டாம்."

"மூணு வருசமாகும்லே!"

"ஆகட்டும்."

அவன் விளையாடியது மூன்று வருடமும் அப்படித்தான். காட்டுக்குள் சுற்றிச் சுற்றி ஒன்றுக்கும் உதவாத கொழுக்கட்டைப் பூதங்களை அடித்துக்கொண்டே இருந்தான். நாயகனுக்கு இதற்கு மேல் பலம் ஏற முடியாது என்கிற அளவுக்கு ஏறிவிட்டது. கடைக்காரர்கள் சுத்தியலுக்கு ஏகப்பட்ட விலை கொடுக்கத் தயாராக இருந்தார்கள். அவன் விற்கவில்லை. மாமா வந்தால் கேட்பார் என்றான்.

இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் துபாயில் ஃபிட்டர். அவர் லீவு முடிந்து கிளம்புகிற நாளில், வழக்கம்போல வரிசை முழுக்க அவரிடம் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தது. ஊறுகாய், தைலம், குழந்தை போட்டோ, இன்ன தொழிலாளர் கேம்பில் இன்னாரிடம் கொடு என்று. யார் போனாலும் அப்படித்தான், போகிறவர் முகம் சுளிக்கக் கூடாது. அந்தக் கும்பலுக்குள் என் தம்பியும் நுழைந்து, அம்மாவின் டப்பாவிலிருந்து எடுத்த முறுக்கைப் பிளாஸ்டிக் பையில் கட்டி நீட்டியிருக்கிறான். மேலே காகிதத்தில் 'மொட்டை மாமா, துபாய்' என்று இங்கிலீஷில் எழுதி ஒட்டியிருந்தான்.

அண்ணன் யார் இது என்று கேட்கவில்லை. எங்கள் பக்கம் மாமாக்களுக்குப் பஞ்சமா என்ன. அவர் கேட்டது ஒன்றுதான். "எந்த கேம்புடே?"

தம்பி மூச்சு வாங்க என்னிடம் ஓடிவந்தான். "அக்கா, மாமா எந்த கேம்பு?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "நாலாம் நம்பர்" என்றேன்.

அண்ணன் இரண்டு வருடம் கழித்து அடுத்த லீவில் வந்தார். வந்ததும் தம்பியைக் கூப்பிட்டுத் தலையில் தட்டினார். "நாலாம் நம்பர் கேம்புல போய் விசாரிச்சேம்டே. மொட்டத் தலையா, தாட்டியமா ஒரு ஆளு இருந்தாரு. தாராவிலேருந்து மருமவன் கொடுத்து விட்டான்னு முறுக்கக் கொடுத்தேன். கண்ணு கலங்கிட்டாரு பாத்துக்க."

தம்பி என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பெருமை. ஆனால் அங்கே யாரோ ஒரு மனுஷர், தன் அக்காள் மகன் நினைத்துக்கொண்டு அனுப்பியதாக நம்பி என் பொய்யைத் தின்று கண் கலங்கியிருக்கிறார்.

மூன்று வருடம் முடிந்தது. தம்பி நாளைச் சரியாக எண்ணி வைத்திருந்தான். அரபி முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு லீவு தரமாட்டேன் என்கிறான் என்றேன். அதுவும் எங்கள் வரிசையில் நடக்காத கதை இல்லை. அவனுக்கு அந்த அரபி மேல் வந்த கோபத்தைப் பார்த்து நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

நியாயமாகப் பார்த்தால் இந்தப் பொய்யால் ஏமாந்தவள் நான்தான். எனக்கு முடிவு தெரிய வேண்டும். அந்த மாளிகைக்குள் என்ன இருக்கிறது? ரூம்கள் பிழைத்தனவா, இல்லையா? கதையைக் கட்டியவள் நானாக இருந்தாலும் கடைசிப் பக்கம் என்னிடம் இல்லை. ஒரு தடவை அவன் பள்ளிக்கூடம் போயிருந்தபோது திருட்டுத்தனமாகப் போட்டுப் பார்த்தேன். மாளிகை வாசலில் நின்ற முதல் காவல்காரனே என்னைத் தூக்கிப் போட்டு மிதித்தான். எனக்கு வாய் மட்டும்தானே, விரல் ஏது.

சொல்லிவிடலாம் என்று நூறு தடவை வாயைத் திறந்தேன். பயமாக இருந்தது. நான் சொன்னதை அப்படியே நம்பியவன் அவன் ஒருவன்தான். அம்மா நம்பமாட்டாள், டீச்சர் நம்பமாட்டாள். அவனும் போய்விட்டால் எனக்கு யார்?

நாலாவது வருடம் ஒரு மழையில் ரூமுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. கேம் பெட்டி, உறுமும் இரும்புப் பெட்டி, என் நோட்டு எல்லாம் போயின. அம்மாவுக்குக் கடைசிவரை வத்தல் காயப்போட அப்படியொரு இடம் கிடைக்கவில்லை. அப்புறம் எனக்குக் கல்யாணமாகி பாண்டுப்புக்கு வந்தேன். தம்பி படித்து, இங்கிலீஷில் வெளிநாட்டுக்காரர்களிடம் பேசுகிற வேலைக்குப் போய், செம்பூரில் வீடு எடுத்தான். மொட்டை மாமா துபாயிலேயே இருந்தார்.

போன வருடம் ஒரு நாள் போன் செய்தான். "அக்கா, நம்ம கேமு மறுபடியும் வந்துருக்கு. இங்கிலீஷ்ல. கலர்ல. பாலம் வரைக்கும் ஆடிட்டேன். ஞாயித்துக்கெழம வா."

சரி என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.  இரண்டு பிள்ளை பெற்றவள், ஆபீசில் பத்துப் பேரை மேய்க்கிறவள், ஒரு கேமுக்குப் பயந்து சனிக்கிழமை முழுக்கத் தலைவலி என்று படுத்திருந்தேன். குர்லா ஸ்டேஷனில் இறங்கி ஹார்பர் லைன் ரயிலுக்கு மாறும்போது திரும்பிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

செம்பூரில் அவன் சோபாவில் என்னை உட்காரவைத்துத் திரையைப் போட்டான். முதலில் அதிர்ச்சி எனக்குத்தான். எண்ணெய் வழிய வாரிய கறுப்புத் தலை என்று நான் சத்தியம் செய்த நாயகனுக்கு நீலத் தலைமுடி. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மொட்டை மாமா மொட்டையே இல்லை. மஞ்சள் மஞ்சளாக, ஒட்ட வெட்டிய முடி. எங்கள் டிவிக்கு ஜப்பான் பெட்டியின் கலர் ஒத்துவராமல் வந்த கறுப்பு வெள்ளையில் அது தோலோடு தோலாகப் போய் வழுக்கையாகத் தெரிந்திருக்கிறது.

"மாமாவுக்கு முடி இருக்குலே!" என்று கத்தினேன்.

"தலைக்கு மேல" என்றான் அவன்.

கதையையும் படித்துப் பார்த்தேன். நாலு கல்லைத் தேடுகிறார்களாம். அதைச் சேர்த்தால் உலகம் பிழைக்குமாம். நாயகன் பிறவியிலேயே அதற்காக வந்தவனாம். இவ்வளவுதானா? மண்ணெண்ணெய் இல்லை, ரேஷன் கார்டு இல்லை, ரூமைக் காலி செய் என்று சொல்ல ஒரு நாதியில்லை. இந்தக் கதைக்கா இத்தனை பேர் இத்தனை வருடமாக உருகுகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நான் சொன்னது எவ்வளவோ மேல். அதைக் காசு கொடுத்து வாங்கியிருக்கலாம் அவர்கள்.

பாலம் வந்தது. படை வந்தது. மஞ்சள் முடிக்காரர் தனியாக நின்றார். திரை வெளுத்தது. படுத்திருந்தார், மற்றவர்கள் தலை குனிந்து நின்றார்கள். பாட்டு நின்றது. கட்டத்தில் இங்கிலீஷ் எழுத்து ஓடி நின்றது.

தம்பி கட்டையை மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, என்ன சொல்லுதாவ?"

காலை முதல் மாலை வரை இங்கிலீஷில் பிழைப்பு நடத்துகிறவன். படிக்கத் தெரியாமல் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். 

"செத்துட்டாவலே" என்றேன். "அன்னைக்கும் செத்துதான் போனாவ. நாந்தான் பொய் சொன்னேன்."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"எட்டாங்கிளாஸ்லேருந்து. மாதுங்கா சைபர் கேஃபேல தேடிப் பாத்தேன்."

"பின்ன ஏம்லே எங்கிட்ட கேக்கல?"

"நீயே சொல்லுவன்னு பாத்தேன். கல்யாணத்துக்கு முன்ன சொல்லிருவன்னு நெனச்சேன். ரெண்டு பிள்ள பெத்துட்ட, இப்பந்தான் வாயத் தொறக்க."

தலையணையை எடுத்து அவனை நன்றாக நாலு சாத்து சாத்தினேன். இருபது வருடமாக என்னைத் தவிக்கவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறான், பாவி. சாத்திக்கொண்டே அழுதேன். அவனும் அழுதான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "முறுக்கத் தின்னது யாருன்னுதான் இன்னும் தெரியல" என்றான். அதற்கு நான் சிரித்ததில் அவன் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் போனேன். ஒருவழியாக மாளிகைக்குள் நுழைந்து, கடைசி மாடியில் அரக்கன் முன்னால் நின்றோம். அவன் பக்கம் பக்கமாக இங்கிலீஷ் பேசினான். எனக்குப் படிக்கத் தெரியும், ஆனால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

"என்னலே சொல்லுதான்?"

"ரூமக் காலி பண்ணணுமாம். நாளைக்கே."

"அடி அவன" என்றேன்.

அடித்தோம். அவன் திருப்பி அடித்ததில் செத்தோம். மறுபடியும் போனோம், மறுபடியும் செத்தோம். பச்சிலை போதவில்லை. மாளிகைக்கு வெளியே இருந்த கடைக்குத் திரும்பி வந்தோம். கையில் காசில்லை. தம்பி பையைத் திறந்து ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வந்து சுத்தியலில் நிறுத்தினான். விற்றால் பை நிறைய மருந்து வாங்கலாம்.

"இத இனிமே யாரு தூக்கப் போறா" என்றான். "வித்துரவா அக்கா?"

அவன் விரல் பொத்தான் மேல் இருந்தது. 

"வேண்டாம்லே" என்றேன். "இருக்கட்டும். மாமா லீவுல வந்தா கேப்பாவல்லா?"

தம்பி விரலை எடுத்தான். கடையை விட்டு வெளியே வந்தான். பச்சிலை இல்லாமலே மாளிகைக்குள் போனோம். இன்னும் மூன்று ஞாயிறு தோற்றோம். நாலாவது ஞாயிறு மத்தியானம், சோறு ஆறிக்கொண்டிருக்கும்போது, ஜெயித்தோம். ரூம்கள் பிழைத்தன. சுத்தியல் பைக்குள்தான் இருந்தது.